தீர்ப்பு வந்தது, பள்ளி திறந்ததா?

சட்டம் போட்டால் சாதி போய்விடுமா, தீர்ப்பு எழுதினால் மனம் திருந்திவிடுமா என்று கேட்டுச் சீர்திருத்தம் பேசுவோரின் வாயை அடைக்க எண்ணுவோர் எந்த நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் இந்தக் கேள்வியை எழுப்பியவர்களுள் ஒருவர், தெருவில் கல்லெறிந்து திரிந்த வெறியரல்லர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தலைமை நீதிபதியாக வீற்றிருந்த லெமுயெல் ஷா என்பார். கேள்வியை எழுப்பிய இடம், பாஸ்டன் நகரத்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கு.

சாரா ராபர்ட்ஸ் என்பது அவள் பெயர். கறுப்புக் குழந்தைகளுக்கென ஒதுக்கிய பள்ளிக்குப் போக, அவள் நாள்தோறும் வெள்ளையர் பள்ளிகள் ஐந்தைக் கடந்து நடக்க வேண்டியிருந்தது. அச்சுத் தொழில் செய்துவந்த அவள் தந்தை வழக்குத் தொடுத்தார். சார்ல்ஸ் சம்னர் என்ற வெள்ளை வழக்கறிஞரும், ராபர்ட் மோரிஸ் என்ற கறுப்பு வழக்கறிஞரும் 1849இல் சேர்ந்து நின்று வாதாடினர். ஷா என்ன சொன்னார்? குழந்தைகளைப் பிரித்து வைக்கப் பள்ளிக் குழுவுக்கு அதிகாரம் உண்டு என்றார். மக்கள் மனத்திலுள்ள வெறுப்பைச் சட்டம் உண்டாக்கவில்லை, ஆகவே சட்டத்தால் அதை மாற்றவும் முடியாது போலும் என்றார். ஆனால் 1855இல் அதே மாநிலத்துச் சட்டமன்றம், நிறத்தைக் காட்டிப் பொதுப்பள்ளியில் இடம் மறுக்கக் கூடாதென்று சட்டம் செய்தது. நீதிபதி முடியாதென்றதைச் சட்டமன்றம் சில ஆண்டுகளிலேயே செய்து காட்டியது. இருந்தும் பிற்காலத்தவர் நினைவில் தங்கியது சட்டமன்றத்தின் செயலன்று, நீதிபதியின் சொல்தான்.

தென் மாநிலங்களின் நிலை இதைவிடக் கொடிது. அங்கே பல மாநிலங்களில் அடிமைக்கு எழுத்தறிவிப்பதே குற்றமாக இருந்தது. படிக்காதே என்று தடுத்துவிட்டுப் பின்னர் படிப்பறிவில்லாதவன் என்று பழித்த கதை நம்மவர்க்குப் புதிதன்று. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து, அடிமை முறை ஒழிந்து, எல்லாருக்கும் சட்டத்தின் முன் சமமான பாதுகாப்பு என்னும் பதினான்காம் திருத்தம் 1868இல் அரசியல் சட்டத்தில் ஏறியது. ஏட்டில் ஏறிய சமத்துவத்தை ஏட்டிலேயே நிறுத்திவைக்கும் வேலையை நீதிமன்றம் மேற்கொண்டது.

1896ஆம் ஆண்டின் பிளெஸ்ஸி வழக்கு, புகைவண்டிப் பெட்டியைப் பற்றியது. லூசியானா மாநிலம் வெள்ளையர்க்கு ஒரு பெட்டி, மற்றவர்க்கு ஒரு பெட்டி எனச் சட்டம் செய்திருந்தது. தனித்தனியே வைத்தாலும் சமமாக வைத்தால் குற்றமில்லை என்று உச்சநீதிமன்றம் தீர்த்தது. பெட்டி பற்றிய இந்தத் தீர்ப்புக்கு, பள்ளி பற்றிய ஷாவின் தீர்ப்பு சான்றாகக் காட்டப்பட்டது! நீதிபதி ஹார்லன் ஒருவர் மட்டும் மாறுபட்டார்; நமது அரசியல் சட்டம் நிறம் பாராதது என்று எழுதினார். இந்தச் சொல்லைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நூறாண்டு கழித்து அது வேறொருவர் கைக்கு வரப்போகிறது.

தனித்தனியென்பது கண்டிப்பாக நடந்தது. சமமென்பது நடந்ததா? ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் கறுப்பு மாணவர்க்கிருந்த உயர்நிலைப் பள்ளியை நிர்வாகம் மூடிவிட்டு, வெள்ளையர் பள்ளியை மட்டும் நடத்தியது. கறுப்புப் பெற்றோர் வழக்காடினர். 1899இல் உச்சநீதிமன்றம் அதையும் ஒருமுகமாக ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் யாரென்று எண்ணுகிறீர்கள்? நிறம் பாராச் சட்டம் என்று முழங்கிய அதே ஹார்லன்தான். 1927இல் மிசிசிப்பி மாநிலத்துச் சீனச் சிறுமி ஒருத்தி வெள்ளையர் பள்ளியில் இடம் கேட்டாள். வெள்ளை அல்லாதவளுக்குக் கறுப்பர் பள்ளி உண்டே என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கோட்டையை உடைக்க வழி வகுத்தவர் ஹோவார்டு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியைச் செப்பனிட்ட சார்ல்ஸ் ஹூஸ்டன். அவர் மாணவர் தர்குட் மார்ஷல். தனித்தனி என்பதை எதிர்க்கும் முன், சமம் எங்கே என்று கேட்பது அவர்கள் முறை. மிசௌரி மாநிலத்தில் கறுப்பருக்குச் சட்டக் கல்லூரியே இல்லை என்பதை 1938இல் நீதிமன்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தனர். டெக்சாஸ் அரசு அவசர அவசரமாகத் திறந்த தனிச் சட்டக் கல்லூரி வெள்ளையர் கல்லூரிக்கு ஈடாகாது என்று 1950இல் நிறுவினர். அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்பு ஓக்லகோமா பல்கலைக்கழகத்தைப் பற்றியது. அங்கே ஒரு கறுப்பு மாணவரைச் சேர்த்துக்கொண்டு, வகுப்பில் தனி இடம், நூலகத்தில் தனி மேசை, உணவுக்கூடத்தில் தனி மூலை என்று வைத்திருந்தார்கள். தனிப் பானை, தனிக் குவளை கண்ட நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

கல்லூரி வழக்குகளை வழக்கறிஞர்கள் திட்டமிட்டு நடத்தினார்கள். பள்ளி வழக்குகளோ, ஊர் மக்களிடமிருந்து கிளம்பின. தென் கரோலினாவின் கிளாரண்டன் மாவட்டத்தில் வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பேருந்துகள் ஓடின. கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. பல மைல் நடந்தார்கள். பெற்றோரே காசு திரட்டிப் பழைய பேருந்தொன்றை வாங்கி, எண்ணெய்க்காவது பணம் கொடுங்கள் என்று நிர்வாகத்தைக் கேட்டார்கள். அதுவும் இல்லையென்றபின் லெவி பியர்சன் என்ற உழவர் 1947இல் வழக்கிட முன்வந்தார். அவர் வரி செலுத்தும் நிலம் அந்தப் பள்ளியின் எல்லைக்குள் இல்லை என்று காரணம் காட்டி அந்த வழக்கு தள்ளப்பட்டது. பிறகு பலரும் சேர்ந்து கையெழுத்திட்டுத் தொடுத்த வழக்கில் முதலில் நின்ற பெயர் ஹாரி பிரிக்ஸ். அவர் வேலை போயிற்று. அவர் மனைவியின் வேலையும் போயிற்று. முன்னின்று உழைத்த பாதிரியார் டிலெய்னின் வீடு எரிந்தது. அவர்கள் முதலில் கேட்டது ஒரு பேருந்து மட்டுமே.

வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில், ஃபார்ம்வில் என்னும் சிற்றூரில் மோட்டன் உயர்நிலைப் பள்ளி இருந்தது. 180 மாணவர்க்கென 1939இல் கட்டியது. 1951இல் அங்கே 450 பேருக்கு மேல் படித்தனர். இடம் போதாமைக்கு நிர்வாகம் கண்ட மருந்து, தார்த்தாள் போர்த்திய கொட்டகைகள். மழை வந்தால் ஒழுகும். குளிரில் அடுப்பருகே இருப்பவனுக்கு வேகும், தள்ளி இருப்பவனுக்கு நடுங்கும். பதினாறு வயது மாணவி பார்பரா ஜான்ஸ் 1951 ஏப்ரல் 23 அன்று, தலைமையாசிரியரைப் பொய்யான தொலைபேசிச் செய்தியால் ஊருக்குள் போகச் செய்துவிட்டு, மாணவர் அனைவரையும் மண்டபத்தில் கூட்டினாள், வேலைநிறுத்தம் அறிவித்தாள். பொய் சொல்லலாமா என்று கேட்கும் ஒழுக்கவாதிகள் இருக்கலாம். தலைமையாசிரியர் அங்கிருந்தால் அவர் வேலைக்கே உலை வைக்கப்படும் என்று அந்தச் சிறுமிக்குத் தெரிந்திருந்தது என்போம் நாம்.

மாணவர்கள் கேட்டது நல்ல கட்டடம். வழக்கறிஞர்கள் வந்து, நல்ல கட்டடத்துக்காக வழக்காட மாட்டோம், பிரிவினையையே ஒழிக்கக் கேட்பதானால் வருகிறோம் என்றனர். பெற்றோர் இசைந்தனர். அந்த வழக்கும், கிளாரண்டன் வழக்கும், கான்சாஸ், டெலவேர் வழக்குகளும் ஒன்றாகி, பிரவுன் வழக்கு என்ற பெயரில் உச்சநீதிமன்றம் சென்றன. அப்போது பதினேழு மாநிலங்கள் பள்ளிப் பிரிவினையைச் சட்டமாகவே வைத்திருந்தன. 1954 மே 17 அன்று தலைமை நீதிபதி வாரன் ஒன்பது பேருக்குமாகத் தீர்ப்பைப் படித்தார். பொதுக்கல்வியில் தனித்தனி என்பதற்கு இடமில்லை. தனியாக வைப்பதே சமமின்மை என்றார்.

உலகம் பாராட்டியது. பாராட்டும்படியான தீர்ப்புத்தான். ஆனால் எப்போது நடைமுறைக்கு வரவேண்டும்? அதைச் சொல்ல நீதிமன்றம் இன்னும் ஓராண்டு எடுத்துக்கொண்டது. 1955இல் சொன்னபோதும் நாள் குறிக்கவில்லை. ஆய்ந்தோய்ந்த விரைவில் செய்க என்றது. கடன்காரனிடம் வசதிப்படும் விரைவில் கொடு என்று சொன்னால் அவன் எந்த நாளில் கொடுப்பான்? தென்னாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் 101 பேர் 1956இல் தீர்ப்பை எதிர்த்து அறிக்கை விட்டனர். 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பு மாணவர் பள்ளிக்குள் நுழைய, ஆர்க்கன்சா ஆளுநர் படை நிறுத்தித் தடுத்ததும், குடியரசுத் தலைவர் ஐசனோவர் நடுவண் அரசின் படையை அனுப்பியதும் பலரும் அறிந்தவை. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவதும், நம் எண்ணத்தில் அதைவிடக் கொடியதும் ஃபார்ம்வில்லில் நடந்தது.

1959இல், இனியும் தள்ளிப்போட முடியாது, செப்டம்பரில் இருவரையும் சேர்த்து வை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையிட்டது. மாவட்ட ஆட்சிக்குழு என்ன செய்தது தெரியுமா? பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க மறுத்துவிட்டது. மாவட்டத்தின் பொதுப்பள்ளிகள் அத்தனையும் பூட்டப்பட்டன. பள்ளியே இல்லையென்றால் யாரை யாருடன் சேர்ப்பது! வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி எழுந்தது. பின்னர் மாநில அரசு அவர்களுக்குப் படிப்புப் பணம் கொடுத்தது, மாவட்டம் நன்கொடையாளர்க்கு வரிச்சலுகை கொடுத்தது. உங்களுக்கும் தனியார் பள்ளி அமைத்துத் தருகிறோம் என்று கறுப்பு மக்களிடம் சொல்லிப் பார்த்தார்கள். ஏற்றால் வழக்குச் செத்தது என்று பொருள். மக்கள் மறுத்தார்கள்.

அந்த மறுப்புக்கு அவர்கள் கொடுத்த விலை ஐந்து ஆண்டு. ஏறத்தாழ 1,700 கறுப்புக் குழந்தைகளுக்குப் பள்ளியில்லை. சிலரை வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். குவேக்கர் அமைப்பினர் சிலரை வேற்று மாநிலத்துக் குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கச் செய்தனர். தேவாலயத்தின் கீழறைகளில் சிலர் எழுத்துக் கூட்டினர். எஞ்சியோர் வயலுக்குப் போனார்கள். ஏழு வயதில் பள்ளி பூட்டக் கண்ட குழந்தைக்கு, அது திறந்தபோது பன்னிரண்டு. 1963இல் கென்னடி ஆட்சியின் முயற்சியால் தனியார் நிதியில் இலவசப் பள்ளி தொடங்கிற்று; 1964 மே 25 அன்றுதான் உச்சநீதிமன்றம் மாவட்டத்தின் சூழ்ச்சியை வெட்டியது. ஆய்ந்தோய்ந்த விரைவு என்ற பேச்சுக்குக் காலம் கடந்துவிட்டது என்று நீதிபதி பிளாக் எழுதினார். தேவையானால் வரி விதித்துப் பள்ளியை நடத்துமாறு நீதிமன்றம் ஆணையிடலாம் என்றும் சொன்னார். அன்று படிப்பிழந்தோர்க்கு வர்ஜீனியா அரசு உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்தது 2004இல். பேரன் பேத்தி எடுக்கும் வயதில் வந்த பள்ளிச் சம்பளம்!

பிரவுன் தீர்ப்பு வந்து பத்தாண்டு கழித்துக் கணக்குப் பார்த்தால், தென்னாட்டுக் கறுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்கே வெள்ளையருடன் படித்தார்கள். இந்தக் கணக்கை மாற்றியது எது? 1964இன் குடியுரிமைச் சட்டம். பிரிவினை நடத்தும் நிர்வாகத்துக்கு நடுவண் அரசின் பணம் கிடையாது என்றது அது. மறு ஆண்டே பள்ளிகளுக்குப் பெரும் நிதி வழங்கும் சட்டமும் வந்தது. மனச்சான்றுக்கு அசையாத நிர்வாகிகள் பணப்பைக்கு அசைந்தார்கள். 1988 அளவில் தென்னாட்டுக் கறுப்பு மாணவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர், வெள்ளையர் மிகுதியாக இருந்த பள்ளிகளில் படித்தார்கள். ஷாவின் கேள்விக்கு இதைவிட விடை வேண்டுமா? ஆனால் இந்தச் சேர்க்கைக்கும் ஒரு பலி இருந்தது. பள்ளிகளை இணைத்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பர் பள்ளிகளே; பல்லாயிரம் கறுப்பு ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். வெற்றிக் கதை சொல்வோர் இதை விட்டுவிடுவது வழக்கம்.

எதிரிகள் வாளாவிருந்தார்களா? கெட்ட சொல்லை விட்டு நல்ல சொல்லைப் பிடித்தார்கள். யார் வேண்டுமானாலும் எந்தப் பள்ளியையும் தேர்ந்தெடுக்கலாம், இது விருப்பத்தேர்வு என்றது வர்ஜீனியாவின் நியூ கெண்ட் மாவட்டம். அங்கே இருந்தவை இரண்டே பள்ளிகள். இரு நிறத்தவரும் மாவட்டமெங்கும் கலந்து குடியிருந்தனர். 21 பேருந்துகள் ஒரே சாலைகளில் ஓடி ஒரு நிறத்தை ஒரு பக்கமும் மறு நிறத்தை மறு பக்கமும் இறக்கின. மூன்றாண்டுத் தேர்வில் ஒரு வெள்ளைப் பிள்ளைகூடக் கறுப்பர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1968இல் உச்சநீதிமன்றம், வேரோடு களைந்து காட்டு, வாய்ப்புக் கொடுத்தேன் என்று சொல்லித் தப்பாதே என்றது. 1971இல் சார்லட் நகர வழக்கில், சேர்த்து வைக்கப் பேருந்து விடலாம் என்று அனைத்து நீதிபதிகளும் ஒப்பினர்.

உடனே எழுந்தது பார்க்க வேண்டும் கூச்சல்! பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றித் தொலைதூரம் அனுப்புவதா என்று தாய்மார் தெருவுக்கு வந்தார்கள். பிரித்து வைப்பதற்கு எத்தனை மைல் ஓடியபோதும் அந்தப் பேருந்துகள் யார் கண்ணையும் உறுத்தவில்லை. 1974 செப்டம்பரில் கறுப்புப் பிள்ளைகள் இருந்த பேருந்துகள் மீது கல் பறந்த நகரம் எது? தென்னாட்டு ஊர் அன்று. சாரா ராபர்ட்ஸ் நடந்த பாஸ்டன்.

வட நகரங்களில் பிரிவினைச் சட்டம் இருக்கவில்லை. அங்கே கோடுகள் இருந்தன. டெட்ராய்ட் நகருக்குள் கறுப்பர், சுற்றுப் புறநகர்களில் வெள்ளையர். நகரத்தை மட்டும் பிரித்துக் கலக்கினால் பயனில்லை என்று கண்ட நடுவண் நீதிபதி ராத், 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்துத் திட்டமிடச் சொன்னார். 1974 சூலை 25இல் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதைத் தள்ளியது. புறநகர்கள் குற்றம் செய்ததாக மெய்ப்பிக்கவில்லை, உள்ளூர் நிர்வாக உரிமை பெரிது என்றது. ஐவரில் நால்வர், பேருந்து முறையை எதிர்த்துப் பேசிய நிக்சன் அமர்த்தியவர்கள். இப்போது நீதிபதியாக இருந்த மார்ஷல் வருந்தி மாறுபட்டார். முன்னாண்டு வந்த சான் அன்டோனியோ தீர்ப்போ, சொத்துவரி மிகுந்த ஊருக்கு நல்ல பள்ளியும் குறைந்த ஊருக்கு ஏழைப் பள்ளியும் இருப்பது அரசியல் சட்டத்துக்கு முரணன்று என்றிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வழி தெளிவு: கோட்டுக்கு அப்பால் குடிபோ, வரியையும் அப்பாலேயே வைத்துக்கொள். சட்டப் புத்தகத்தில் நிறம் என்ற சொல்லே வேண்டியதில்லை. பிரவுன் தீர்ப்பை முடக்கிய நாளாக நாம் இந்த 1974ஐத்தான் கருதுகிறோம். பலரும் பின்னால் வந்த 2007ஐச் சொல்வர்.

அந்த 2007 தீர்ப்பு வேறொரு வகை. சியாட்டல், லூயிவில் நகரங்களின் பள்ளி நிர்வாகங்கள் எந்த நீதிமன்றத்தின் கட்டாயமும் இன்றித் தாமே விரும்பி, மாணவர் நிறத்தையும் எண்ணிப் பார்த்துப் பள்ளிகளில் கலப்பை உண்டாக்கி வந்தன. அது கூடாதென்று 5க்கு 4 என்ற கணக்கில் உச்சநீதிமன்றம் தடுத்தது. பிரித்துவைக்க நிறம் பார்ப்பதும், சேர்த்துவைக்க நிறம் பார்ப்பதும் ஒன்றேயாம்! மார்ஷல் விட்டுச்சென்ற இருக்கையில் அமர்ந்திருந்த நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், ஹார்லனின் நிறம் பாராச் சட்டத்தைத் துணைக்கு அழைத்தார்.

இந்த வாதத்தை நாம் முன்பே கேட்டவர்கள். பார்பரா ஜான்ஸ் மாணவரைக் கூட்டியதற்குப் பதினான்கு நாள் முன்பு, 1951 ஏப்ரல் 9 அன்று, டில்லியின் உச்சநீதிமன்றம் செண்பகம் துரைராசன் வழக்கில் சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி ஆணையைச் செல்லாதென்றது. சாதி பார்த்து இடம் மறுக்கலாகாது என்ற விதியையே, சாதியால் மறுக்கப்பட்டவர்க்கு இடம் கொடுப்பதற்கு எதிராகத் திருப்பியது. ஆனால் இங்கே தமிழகம் கொதித்தெழ, அந்த ஆண்டு சூனிலேயே நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தை முதன்முறையாகத் திருத்தி, பிற்பட்டோர்க்குத் தனி ஏற்பாடு செய்யும் அதிகாரத்தை 15(4) என்று எழுதிவைத்தது. அமெரிக்காவில் அப்படி ஒரு திருத்தம் வரவில்லை. அங்கே நீதிமன்றம் கொடுத்ததை நீதிமன்றமே எடுத்துக்கொண்டது.

லூயிவில் நிர்வாகம் சோர்ந்துவிடவில்லை. தனித்தனி மாணவரின் நிறத்தைப் பாராமல், அவர் குடியிருக்கும் பகுதியின் வருவாய், பெற்றோர் கல்வி, மக்கள் கலப்பு ஆகியவற்றை எண்ணும் வேறு திட்டத்தை 2008இல் வகுத்துக்கொண்டது. பதினைந்து ஆண்டு அதைக் காத்துவந்தது. பிறகு பேருந்து ஓட்டுநர் கிடைக்கவில்லை என்றனர். ஊரின் பல பகுதியினரும் வந்து சேர்ந்து படிக்கவென்று அமைந்த சிறப்புப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு, 2024ஆம் கல்வியாண்டில் பேருந்தை நிறுத்திவிட்டார்கள்.